துன்பத்தின் முகம் பார்த்தல்: ஜேம்ஸ் ஹில்மனின் ஆழ்மன உளவியலும் தொன்மமும்

யுங்கின் வழிவந்த உளவியலாளர்களுள் அவரிடமிருந்து மிகுதியாகப் பெற்றுக்கொண்டவர் என்றும், அவருடைய கோட்பாட்டைத் துணிந்து திருத்தி எழுதியவர் என்றும் ஒருவரையே சுட்ட வேண்டுமானால் அவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹில்மன் (1926–2011). சூரிச்சில் யுங்கின் பெயரால் அமைந்த கழகத்தில் பயின்று, அங்கேயே கல்விப் பிரிவின் இயக்குநராகப் பத்தாண்டுகள் பணியாற்றிய அவர், பிற்காலத்தில் உளச்சிகிச்சை என்னும் தொழிலின் நோக்கத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். மனத்துன்பத்தோடு வருபவரைப் பழைய நிலைக்கு மீட்டு அனுப்புவதே சிகிச்சையாளரின் வேலை என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. அத்துன்பம் என்ன உருவில் வருகிறது, எந்தக் கதையின் சாயலில் நடந்துகொள்கிறது, எதன்மீது கவனத்தைக் கோருகிறது என்று பொறுமையோடு பார்ப்பதே முதல் வேலை என்றார். அவ்வாறு பார்ப்பதற்கு அவருக்குக் கண்ணாக அமைந்தது கிரேக்கத் தொன்மம். அவர் இந்த இடத்துக்கு வந்துசேர்ந்த வழியும், தொன்மம் அவர் கையில் ஒரு பார்க்கும் முறையாக மாறிய விதமும், அம்முறை எங்கே நம்மைக் கைவிடுகிறது என்பதும் விரிவாக ஆராயத் தக்கவை.

ஆழ்மன உளவியல் என்பது, மனிதர் தாம் அறிந்தே செய்வதாக நினைக்கும் செயல்களுக்குப் பின்னால் அவர் அறியாத ஒரு மனப்பகுதி இயங்குகிறது என்று கொண்டு, கனவு, வாய்தவறி வரும் சொல், நோய்க்குறி, கற்பனை ஆகியவற்றின் வழியாக அப்பகுதியை அணுகும் மரபாகும். ஃப்ராய்ட் அப்பகுதியைத் தனிமனிதரின் அடக்கப்பட்ட விருப்பங்களும் குழந்தைப் பருவ நினைவுகளும் தங்கும் இடமாகக் கண்டார். யுங்கோ அதற்கும் அடியில் மனித இனம் முழுமைக்கும் பொதுவான ஒரு தளம் உண்டு என்று கருதி, அதைக் கூட்டு நனவிலி என்றும், அதில் உறைந்து நின்று தாய், முதியவர், நிழல் போன்ற உருவங்களாகத் திரும்பத் திரும்ப வெளிப்படும் அமைப்புகளைத் தொல்படிமங்கள் என்றும் அழைத்தார். ஓர் இளம்பெண் எழுதிவைத்த கற்பனைகளை உலகத் தொன்மங்களோடு ஒப்பிட்டு அவர் 1912இல் நூலாக முடித்தபோது ஃப்ராய்டுடனான உறவு முறியும் நிலைக்கு வந்துவிட்டது. தொன்மம் என்பது பழங்காலத்தவரின் பொய்க்கதை அன்று, இன்றைய நோயாளியின் மனத்திலும் நடந்துகொண்டிருக்கும் நிகழ்வு என்ற கருத்து அந்நூலுக்குப் பிறகே ஒரு சிகிச்சை மரபின் அடித்தளமாயிற்று.

ஹில்மன் இந்த மரபுக்குள் நேராக வந்தவர் அல்லர். நியூ ஜெர்சியின் கடற்கரை நகரமான அட்லாண்டிக் சிட்டியில், விடுதித் தொழில் செய்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஜோசப் கிராஸ்காப், பிலடெல்பியாவில் புகழ்பெற்ற சீர்திருத்த யூத மதகுரு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 முதல் 1946 வரை, அமெரிக்கக் கடற்படையின் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். போருக்குப் பின் பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்திலும், பிறகு டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் படித்து 1950இல் பட்டம் பெற்றார். டப்ளினில் ‘என்வாய்’ என்ற இலக்கிய இதழின் ஆசிரியர் குழுவிலும் இருந்தார். எழுத்தாளராக வேண்டும் என்ற விருப்பமே அப்போது அவரிடம் ஓங்கி இருந்தது. மருத்துவப் பள்ளியிலிருந்தோ ஆய்வுக்கூடத்திலிருந்தோ அல்லாமல் இலக்கியத்திலிருந்து உளவியலுக்கு வந்தவர் என்பதை நினைவில் கொண்டால்தான், பிற்காலத்தில் அவர் நோயாளியின் சொல்லை ஒரு கவிதையை வாசிப்பது போல் வாசிக்கச் சொன்னதன் வேர் புலப்படும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் காஷ்மீரில் சில காலம் தங்கியிருந்தார். அங்கே கோபி கிருஷ்ணாவைச் சந்தித்தார். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கோபி கிருஷ்ணா, 1937இல் தியானத்தின்போது தமக்குள் குண்டலினி எழுந்ததாகவும், அதன்பின் பல ஆண்டுகள் உடலும் மனமும் நிலைகுலைந்து சித்தப்பிரமையின் விளிம்பில் வாழ்ந்ததாகவும் பதிவு செய்தவர். அந்தத் தன்வரலாறு 1967இல் நூலாக வெளிவந்தபோது அதற்கு உளவியல் விளக்கவுரை எழுதியவர் ஹில்மன். ஒரு மருத்துவர் நோய் என்று எழுதிவைக்கக்கூடிய அனுபவத்தை அதை அனுபவித்தவரின் சொற்களிலேயே, அவருடைய மரபின் கருத்துகளைக் கொண்டே புரிந்துகொள்ள முயன்ற அந்த உரை, ஹில்மனின் பிற்கால முறைக்கு ஒரு முன்னோட்டம் எனலாம். ஆயினும் அவர் இந்தியாவிலேயே தம் விடையைத் தேடவில்லை. மேற்கத்தியர் தம் துயரங்களுக்குக் கீழைத் தேயங்களில் தீர்வு தேடுவதைப் பிற்காலத்தில் அவர் வெளிப்படையாகவே குறைகூறினார். ஒரு மண்ணில் வளர்ந்த சமயக் கருத்தை வேரோடு பிடுங்கி இன்னொரு மண்ணில் நட்டால் அது அங்கே வேறொன்றாகிவிடும் என்பதும், மேற்கத்திய மனம் தன்னுடைய மறந்துபோன தெய்வங்களிடமே திரும்ப வேண்டும் என்பதும் அவர் வாதம்.

1953இல் அவர் சூரிச் சென்று, ஐந்தாண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டிருந்த யுங் கழகத்தில் சேர்ந்தார். 1959இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் உணர்ச்சி பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கழகத்தின் கல்விப் பிரிவுக்கு இயக்குநரானார். யுங் இறந்தது 1961இல் என்பதால், ஆசான் உயிரோடிருந்த இறுதி ஆண்டுகளில் அவருடைய கல்வி மரபைக் காக்கும் பொறுப்பு முப்பத்து மூன்று வயதான ஓர் அமெரிக்கரிடம் வந்து சேர்ந்தது.

1964இல் வெளிவந்த ‘தற்கொலையும் ஆன்மாவும்’ என்ற நூலில்தான் அவருடைய தனிக்குரல் முதலில் கேட்டது. சட்டம், சமயம், சமூகவியல், மருத்துவம் ஆகிய நான்கும் தற்கொலையைத் தடுக்க வேண்டிய ஒன்றாக முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு அணுகுகின்றன; அவற்றுக்கு அது தகும்; ஆனால் உளப்பகுப்பாய்வாளரும் அதே அச்சத்தோடு அணுகினால், இறக்க விரும்புகிறேன் என்று சொல்பவரின் உள்ளத்தில் உண்மையில் எது முடிவுக்கு வரத் துடிக்கிறது என்பதைக் கேட்பவர் யாரும் இல்லாமல் போய்விடுவர் என்பது அந்நூலின் மையக் கருத்து. சாக வேண்டும் என்ற வேட்கை, வாழ்ந்த முறை மாற வேண்டும் என்ற உள்ளத்தின் அவசரக் குரலாக இருக்கக்கூடும் என்பது ஆழமான கவனிப்பு. அதே சமயம் இந்நூலை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்றும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நெருக்கடியில் இருப்பவருக்கு முதலில் தேவை பாதுகாப்பும், உடனிருக்கும் மனிதர்களும், உரிய மருத்துவ உதவியும். பொருள் தேடுவதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும். பல நெருக்கடிகள் சில மணி நேரத்தில் தணிந்துவிடக்கூடியவை என்பதை அறிந்த எவரும், கேட்பதைக் காப்பதற்கு எதிராக நிறுத்த மாட்டார். இவ்விரண்டும் ஒன்றாகவே நடக்க முடியும் என்பதை ஹில்மன் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

அவருடைய சிந்தனையின் அடுத்த திருப்பம் சுவிட்சர்லாந்தின் தென்கோடியில், மஜோரே ஏரிக்கரையிலுள்ள அஸ்கோனாவில் நிகழ்ந்தது. அங்கே ஓல்கா ஃப்ரோபே காப்டெய்ன் என்ற பெண்மணி 1933 முதல் ஆண்டுதோறும் நடத்திவந்த ஏரானோஸ் கூட்டங்களில் சமய வரலாற்றாளர்களும் உயிரியலாளர்களும் உளவியலாளர்களும் ஒரே மேடையில் பேசினர். யுங் அங்கே நெடுங்காலம் உரையாற்றியவர். 1966இல் ஹில்மனும் அங்கே பேசத் தொடங்கினார். இஸ்லாமிய மெய்ஞ்ஞான மரபை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஆன்றி கொர்பேன் அங்கு அவருக்கு மிகவும் நெருங்கினார். இப்னு அரபி, சுஹ்ரவர்தி ஆகியோரின் நூல்களிலிருந்து கொர்பேன் எடுத்துக்காட்டிய கருத்து இதுதான்: புலன்கள் அறியும் உலகுக்கும் அறிவு அறியும் கருத்துலகுக்கும் நடுவில் படிமங்களின் உலகு ஒன்று உண்டு, அது வெறும் கற்பனை அன்று, தனக்கே உரிய உண்மையும் இடமும் உடையது. இக்கருத்தை ஹில்மன் உளவியலுக்குக் கொண்டுவந்தார். கனவில் வரும் முதியவர் வேறெதற்கோ குறியீடு அல்லர், அவர் அவரே, அவரோடு பேசலாம், அவருக்கு மரியாதை காட்டலாம், அவர் சொல்வதை மறுக்கவும் செய்யலாம் என்ற நிலைப்பாடு இங்கிருந்தே பிறந்தது. இதுவே அவர் 1970இல் தொல்படிம உளவியல் என்று பெயரிட்ட தனிக்கிளையின் உயிர்நாடி.

அக்கிளையின் முதன்மை நூல், யேல் பல்கலைக்கழகத்தில் அவர் 1972இல் ஆற்றிய டெரி சொற்பொழிவுகளிலிருந்து உருவாகி 1975இல் வெளிவந்தது. அதே சொற்பொழிவு வரிசையில்தான் 1937இல் யுங் உளவியலும் சமயமும் பற்றிப் பேசியிருந்தார். உளவியலை மறுபார்வை செய்யும் அந்நூலில் ஹில்மன் ஆன்மா என்று குறிப்பது, உடலை விட்டுப் பிரிந்து மறுமையை அடையும் பொருள் அன்று. நிகழ்வுகளுக்கும் நமக்கும் இடையே தங்கி, நிகழ்ந்ததை அனுபவமாக ஆழப்படுத்தும் ஒரு நோக்கையே அவர் அப்பெயரால் சுட்டுகிறார். கவிஞர் ஜான் கீட்ஸ் 1819இல் எழுதிய கடிதம் ஒன்றிலிருந்து, உலகம் என்பது ஆன்மா உருவாகும் இடம் என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டு, உளவியலின் பணி அந்த ஆக்கத்துக்குத் துணைநிற்பதே என்றார். இந்நூலில் அவர் மனச்சோர்வைப் பற்றி எழுதியிருக்கும் பகுதி இன்றும் ஊன்றிப் படிக்கத் தக்கது. சிலுவைக்குப் பின் உயிர்த்தெழுதல் உறுதி என்ற கிறித்தவக் கதையமைப்பு மேற்கத்தியரின் மனத்தில் ஆழப் பதிந்திருப்பதால், சோர்வு என்றாலே விரைவில் கடக்க வேண்டிய இருள் என்று அவர்கள் கருதிவிடுகின்றனர். அதனால் அந்த இருள் தரக்கூடிய நிதானமும் எடையும் எல்லை உணர்வும் கைக்கு வராமலே போகின்றன என்பது அவர் கருத்து. கடுமையான மனச்சோர்வு நோய்க்கு இது மருந்தாகாது. ஆனால் சிறு துயரத்தையும் உடனே நீக்கிவிட வேண்டிய குறைபாடாகக் கருதும் மனப்போக்குக்கு இது தக்க மறுமொழி.

தொன்மத்தை அவர் கையாண்ட விதம் 1972இல் வெளியான பான் பற்றிய நீண்ட கட்டுரையில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. பான், ஆட்டின் கால்களும் கொம்புகளும் கொண்ட, ஆர்கேடியா மலைநாட்டு இடையர்களின் தெய்வம். பிறந்தவுடன் அவனுடைய உருவைக் கண்டு செவிலி அஞ்சி ஓட, தந்தை ஹெர்மஸ் அவனை முயல்தோலில் சுற்றி ஒலிம்பஸ் மலைக்கு எடுத்துச் சென்றான் என்றும், அங்கே தெய்வங்கள் அனைவரும் மகிழ்ந்தனர் என்றும் கதை கூறுகிறது. உச்சிவெயிலில் அவன் உறங்குவான், அப்போது குழலூதி அவனை எழுப்பக்கூடாது என்று இடையர்கள் அஞ்சினர். ஆட்டு மந்தை காரணமின்றி வெருண்டு சிதறினால் அது அவன் செயல் என்றனர். ஜெர்மானியச் செவ்வியல் அறிஞர் ரோஷர் 1900இல் எழுதிய ஆய்வொன்றில், உறங்குபவரின் மார்பில் ஏறி அழுத்தி மூச்சுத் திணறச் செய்யும் பேயைப் பற்றிய பழங்காலச் செய்திகளைத் தொகுத்து, அதையும் பானோடு இணைத்திருந்தார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அமுக்குவான் பேய் என்று சொல்லப்படும் அதே அனுபவம்தான் அது. ஹில்மன் அந்த ஆய்வைத் தம் கட்டுரையோடு சேர்த்தே வெளியிட்டு, பீதி என்பது துணிச்சல் குறைவோ மூளையின் பிழையோ மட்டும் அன்று, மனிதரை அவருள் உறையும் விலங்கோடும் சுற்றியுள்ள இயற்கையோடும் திடீரெனப் பிணைக்கும் நிகழ்வு என்று வாதிட்டார். மலையும் ஊற்றும் குகையும் தெய்வமற்ற வெறும் இடங்களாகிவிட்ட பிறகு, அங்கே வாழ்ந்த பானுக்குத் தங்க எஞ்சியிருக்கும் இடம் மனித உடல் மட்டுமே. ஆகவே அவன் இதயத் துடிப்பாகவும் வியர்வையாகவும் கெட்ட கனவாகவும் வருகிறான். தெய்வங்கள் நோய்களாகிவிட்டன என்று யுங் 1929இல் எழுதிய கருத்தின் முழு விளக்கமாகவே இக்கட்டுரையைக் கொள்ளலாம். பீதியால் அல்லலுறுபவருக்கு இக்கதை மருந்து அன்று. தம் அச்சத்துக்கு நெடிய வரலாறும் ஒரு முகமும் உண்டு, அது தம் ஒருவருடைய அவமானம் அன்று என்ற அறிதலை அது அவருக்குக் கொடுக்கிறது. அந்த அறிதல் சிறியதன்று.

கனவிலும் இதே பொறுமையைத்தான் அவர் வேண்டினார். 1979இல் வெளிவந்த ‘கனவும் பாதாள உலகும்’ என்ற நூல், கனவை ஃப்ராய்டைப் போல விருப்ப நிறைவேற்றமாகவோ, யுங்கைப் போல விழிப்பு நிலையின் ஒருதலைப் போக்கை ஈடுசெய்வதாகவோ விளக்குவதை மறுத்து, கனவு ஹேடிஸ் ஆளும் கீழுலகுக்கு உரியது, அங்கே பகலின் கணக்குகள் செல்லா என்கிறது. ஒருவர் கனவில் கரும்பாம்பு வருவதாகக் கொள்வோம். சிகிச்சையாளர் அது உன் தாய் என்றோ, அடக்கிய காமம் என்றோ, உனக்குள் எழும் புதிய ஆற்றல் என்றோ சொல்லிவிடலாம். சொன்னவுடன் கேட்பவருக்கு நிம்மதி வருகிறது, ஆனால் பாம்பு போய்விடுகிறது. கருத்து மட்டும் எஞ்சுகிறது. ஹில்மனோ அந்தப் பாம்பு எங்கே கிடந்தது, எவ்வளவு கறுப்பு, நகர்ந்ததா, பார்த்ததா, அறையில் அது இருந்தபோது கனவு கண்டவரின் உடல் என்ன செய்தது என்று கேட்பார். அடுத்த வாரம் அது மீண்டும் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அதற்கு இடமிருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஒரு படிமத்தை விட்டு அகலாமல் அதனோடு நிற்கும் இந்தப் பயிற்சியே, அவர் உளவியலுக்குத் தந்த கொடைகளுள் மிகவும் பயனுள்ளது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக இருப்பது பலதெய்வ உளவியல் என்று அவர் அழைத்த எண்ணம். மனத்துக்கு ஒரே மையம் உண்டு, வளர்ச்சி என்பது எல்லாவற்றையும் அம்மையத்தில் ஒருங்கிணைப்பது என்ற யுங்கின் கருத்து ஏகதெய்வ நம்பிக்கையின் மறுவடிவம் என்று 1971இல் எழுதிய கட்டுரையில் அவர் ஐயுற்றார். மனம் பல குரல்களால் ஆனது. ஒவ்வொரு குரலுக்கும் அதற்குரிய தெய்வமும் கதையும் வழிபாட்டு முறையும் உண்டு. ஒன்றை அரசாக்கி மற்றவற்றை அடக்கினால் அடங்கியவை நோயாகத் திரும்பும் என்றார். பல தெய்வங்களோடு வாழ்ந்து பழகிய தமிழ் வாசகருக்கு இக்கருத்து இயல்பாகவே தோன்றலாம். ஆயினும் ஹில்மன் யாரையும் கோயிலுக்கு அனுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தெய்வங்கள் அவருக்கு நம்பிக்கைக்கு உரிய பொருள்கள் அல்ல, பார்க்கும் கோணங்கள்.

ஆன்மாவைப் பேணுதல் என்ற கருத்து பெருவாரியான வாசகர்களைச் சென்றடைந்தது அவருடைய நண்பர் தாமஸ் மூர் வழியாகத்தான். 1940இல் டெட்ராய்ட்டில் பிறந்த மூர், பதின்மூன்றாம் வயதில் செர்வைட் துறவியர் அமைப்பில் சேர்ந்து, குருப்பட்டம் பெறும் தறுவாயில் வெளியேறி, சமயவியலில் முனைவர் பட்டம் பெற்று உளச்சிகிச்சையாளரானவர். பதினைந்தாம் நூற்றாண்டின் ஃபுளோரன்ஸ் நகர அறிஞர் மார்சிலியோ ஃபிசினோவைப் பற்றி அவர் 1982இல் ஒரு நூல் எழுதினார். மருத்துவரின் மகனான ஃபிசினோ, மெடிச்சி குடும்பத்தின் ஆதரவில் பிளேட்டோவின் நூல்களை இலத்தீனில் மொழிபெயர்த்தவர். 1489இல் வெளியிட்ட மூன்று பகுதிகள் கொண்ட நூலில், சனிக் கோளின் ஆட்சியால் சோர்வுறும் படிப்பாளிகளுக்கு இசை, நறுமணம், வெயில், நிறம், நண்பரோடு உரையாடல் என்று அன்றாடப் பொருள்களையே பரிந்துரைத்தவர். ஹில்மனும் ஃபிசினோவைத் தம் முன்னோடியாகவே கண்டார். மூர் 1989இல் ஹில்மனின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டபின், 1992இல் எழுதிய ‘ஆன்மாவைப் பேணுதல்’ என்ற நூல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறத்தாழ ஓராண்டு நிலைத்தது. குணப்படுத்துதல் துன்பத்தின் முடிவை நோக்குகிறது, பேணுதலோ முடிவில்லாத தொடர் கவனிப்பு என்ற வேறுபாட்டை எளிய மொழியில் மூர் நிலைநாட்டினார். ஹில்மனிடம் இருக்கும் கூர்மையும் சினமும் மூரிடம் இல்லை. அது வாசகருக்கு ஆறுதலாகவும் கருத்துக்கு இழப்பாகவும் அமைந்தது.

ஹில்மனோ அதே காலத்தில் ஆலோசனை அறையை விட்டே வெளியேறிக்கொண்டிருந்தார். 1978இல் டல்லஸ் நகருக்குக் குடிபெயர்ந்த அவர், ஆன்மா மனிதருக்குள் மட்டும் இல்லை, உலகத்தின் பொருள்களிலும் உண்டு என்ற பழைய பிளேட்டோனியக் கருத்தை 1982இல் வெளியான கட்டுரையில் மீட்டெடுத்தார். அலுவலகக் கட்டடங்களின் கூரையுட்புறத்தைப் பற்றிக்கூட அவர் எழுதியிருக்கிறார்: முற்காலத்தில் வானத்தின் நினைவாக ஓவியமும் வளைவும் பெற்றிருந்த அப்பரப்பு, இன்று குழாய் விளக்குகளும் குளிர்சாதனத் துளைகளும் பொருத்திய தாழ்ந்த பலகைகளாகிவிட்டது, அதன் கீழே நாளெல்லாம் அமர்ந்திருப்பவரின் சோர்வுக்கு அவருடைய குழந்தைப் பருவத்தை மட்டும் குற்றம் சாட்டுவது நேர்மையாகுமா என்பது அவர் கேள்வி. நூறு ஆண்டுகள் உளச்சிகிச்சை நடந்தும் உலகம் சீர்கெட்டுக்கொண்டே போகிறது என்று தலைப்பிலேயே அறிவித்து, எழுத்தாளர் மைக்கேல் வென்டுராவோடு அவர் 1992இல் வெளியிட்ட உரையாடல் நூல் இவ்வாதத்தின் உச்சம்.

1996இல் வந்த ‘ஆன்மாவின் குறியீடு’ அவருக்குப் பெரும் புகழ் தந்தது. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் இறுதியில் வரும் ஏர் என்பவனின் கதைப்படி, ஆன்மாக்கள் பிறக்குமுன் தம் வாழ்வைத் தாமே தேர்ந்தெடுக்கின்றன, ஒரு காவல் தெய்வம் அதை நினைவில் வைத்து உடன் வருகிறது. இதை அடியொற்றி, குழந்தையின் விசித்திர நடத்தைகளைக் கடந்தகாலக் காயத்தின் விளைவாகப் பார்க்காமல் வருங்கால அழைப்பின் அறிகுறியாகப் பார்க்கலாம் என்றார். ஸ்பெயினின் காளைப்போர் வீரர் மனோலேட்டே சிறுவயதில் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கோழையாகத் திரிந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார்: பின்னாளில் பெருங்காளைகளை எதிர்கொள்ளப் போகும் அந்த ஆன்மா முன்கூட்டியே நடுங்கியதில் என்ன வியப்பு என்கிறார். அழகான வாசிப்புதான், ஆனால் முந்தானைக்குப் பின் ஒளிந்து, வளர்ந்து எந்தப் புகழும் பெறாத எண்ணற்ற குழந்தைகள் அந்நூலில் இடம்பெறவில்லை. முடிவை அறிந்தபின் தொடக்கத்தைப் படிக்கும் இம்முறையை எந்தச் சான்றாலும் பொய்ப்பிக்க முடியாது என்பதால் இதை அறிவியல் கோட்பாடாகக் கொள்ள இயலாது. பிடிவாதம் பிடிக்கும் ஒரு குழந்தையைக் கோளாறாக எண்ணாமல் மரியாதையோடு உற்றுநோக்கப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கற்றுத்தரும் கதையாகக் கொள்ளலாம். அந்த அளவில் அது பெரும் நன்மை செய்யும்.

மிகக் கூர்மையான எதிர்வாதம் அவருடைய சொந்த வட்டத்திலிருந்தே வந்தது. ஜெர்மானிய யுங்கியரான வொல்ஃப்காங் கீகெரிச், கிரேக்கத் தெய்வங்களை உயிர்ப்பித்த வாழ்க்கைமுறையும் பலியும் சடங்கும் மறைந்துபோன பின், அவற்றின் பெயர்களை நவீன மனிதரின் மனநிலைகளுக்குச் சூட்டுவது வரலாற்றை மறுப்பதாகும் என்றார். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய குற்றச்சாட்டு அன்று. பானுக்கு இன்று யாரும் ஆடு பலியிடுவதில்லை. பீதியுற்றவர் செல்வது குகைக்கு அன்று, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு. ஆனால் அங்கே இதயத் துடிப்பு சீரானபின், ஏன் இப்படி நடந்தது, இது என்னிடம் எதைக் கேட்கிறது என்ற கேள்வியோடு அவர் வீடு திரும்புகிறார். அக்கேள்விக்குச் செவிகொடுக்கும் ஒரு மனிதர் அவருக்குத் தேவைப்படும் வரை, ஹில்மனின் நூல்களுக்கும் தேவை இருக்கும். அவருடைய கையெழுத்துப் படிகள் இப்போது கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பரா அருகேயுள்ள ஓபஸ் ஆவணக் காப்பகத்தில், தொன்மவியலாளர் ஜோசப் கேம்பெலின் தொகுப்போடு, ஆய்வாளர்களுக்காகப் பாதுகாக்கப்படுகின்றன.